விரிசல் விட்ட கடைவாய்ப் பல்: பிடுங்குவதா, பூண் போடுவதா?

“கடிக்கிறப்ப ஒண்ணும் செய்யல டொக்டர். கடிச்சத விடுறப்பதான் சுருக்குன்னு காது வரைக்கும் இழுக்குது.”

2025 பெப்ரவரியில் ஒரு காலை, கிளினிக் கதிரையில் உட்கார்ந்ததும் அந்த அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பாதி நோயை அவரே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். சொத்தைப் பல் இப்படி வலிக்காது. அதில் இனிப்பு பட்டால் கூசும், சாப்பாடு போய் அடைத்தால் குடையும், முற்றினால் இரவில் தூங்க விடாது. கடித்ததை விடும்போது மின்னல் மாதிரி ஒரு இழுப்பு வந்து மறைந்தால், பல்லில் விரிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் இலங்கையின் மலையகத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அக்காவுக்கு வயது 47. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பெயரும் தோட்டமும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுகிறேன் என்று கேட்டபோது உடனே சம்மதித்தார். “எழுதுங்க டொக்டர். என்னைய மாதிரி யாரும் நகையக் கழட்டிக்கிட்டு நிக்கக் கூடாது” என்றார். அதனால் இதில் பல்லைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு காசைப் பற்றியும் இருக்கும். எங்கள் பக்கத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

எப்படி வந்தது

ஜனவரியில், மலையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, ஒரு கொட்டைப்பாக்கை வலது கடைவாயில் வைத்து நொறுக்கப் பார்த்திருக்கிறார். “டக்குன்னு ஒரு சத்தம். பாக்குதான் உடைஞ்சிருச்சுன்னு நெனச்சேன். துப்பிப் பாத்தா பாக்கு முழுசா இருக்கு.”

அன்றிலிருந்து ரொட்டியை அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை. விடியற்காலையில் பீலித் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் கூச்சம். ஜனவரி, பெப்ரவரியில் அந்த உயரத்தில் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். பக்கத்து லயத்துப் பெரியம்மா கராம்பை நசுக்கி வைக்கச் சொல்ல, மூன்று நாள் வைத்து, பல்லைச் சுற்றி ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. கராம்பு எண்ணெய் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் ஈறில் பட்டால் சுடும். விரிசலை அது ஒன்றும் செய்யாது. அன்டிபயோடிக்கும் அப்படித்தான். கிருமி பரவி வீங்கிய இடத்தில் அதற்கு வேலை உண்டு, பிளந்த பல்லை அது ஒட்டவைக்காது.

அப்புறம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எக்ஸ்ரேயும் பார்த்த கூலியுமாக 2,500 ரூபா. ரூட் கனால் செய்து (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்து), மேலே கிரவுன் என்ற உறை போட 68,000 ரூபா ஆகும், முடியாவிட்டால் பிடுங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. “ஒரு பல்லுக்கு அறுபத்தெட்டாயிரமா, பிடுங்கிப் போடு” என்பது கணவர் கட்சி. உயர்தரம் படிக்கும் மகள், “அம்மா, காதுத் தோட்டை அடகு வைப்போம், பல்லு போனா வராது” என்றாளாம். அக்கா இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல், அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் பிடுங்கலாம் என்று இங்கே வந்துவிட்டார். தோடுகள் கைப்பைக்குள் இருந்தன. நான் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டால், நேராக அடகுக் கடைக்குப் போக எண்ணம்.

பிடுங்குவது எனக்குப் பத்து நிமிட வேலை. வெளியே நாற்பது பேர் இருக்கிறார்கள். கேட்டதைச் செய்து அனுப்பிவிடலாம் என்று எந்தப் பல் வைத்தியருக்கும் தோன்றும் நேரம் அது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. இடது பக்கம் கீழே முதல் கடைவாய்ப் பல் இல்லை. பத்து வருடத்துக்கு முன் பிடுங்கியது. அந்த இடைவெளிக்குள் பின்பல் சாய்ந்துவிட்டது, எதிரே மேல்பல் கீழே இறங்கிவிட்டது. இடது பக்கத்தில் அவரால் ஒழுங்காக மெல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பாரமும் வலது பக்கத்தில் விழுந்திருக்கிறது. இப்போது வலது பல்லையும் எடுத்தால், 47 வயதில் ரொட்டி மெல்லப் பக்கமே இருக்காது.

“அக்கா, இன்னிக்குப் பிடுங்க மாட்டேன். முதல்ல எவ்வளவு ஆழம்னு பாத்துட்டு, அப்புறம் நீங்களே சொல்லுங்க” என்றேன்.

பல்லில் கண்டது

வலது கீழ் முதல் கடைவாய்ப் பல். பதினைந்து வருடத்துக்கு முன் அடைத்த பெரிய அமல்கம் (வெள்ளி நிற உலோக அடைப்பு) ஒன்று நடுவில். வெற்றிலை பாக்கு மெல்பவர்களுக்குத் தேய்வது போல மேற்பரப்பு தட்டையாகித் தேய்ந்திருந்தது. பெரிய அடைப்பு, மீந்திருக்கும் மெல்லிய சுவர்கள், கடினமான பாக்கு. விரிசலுக்கு இவை மூன்றும் போதும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இதைக் கேட்டுப் பலர் குழம்புவார்கள். “படத்துல ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க, ஆனா வலிக்குது.” கடைவாய்ப் பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடும். எக்ஸ்ரே பக்கவாட்டிலிருந்து எடுப்பது. புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அட்டைப் பக்கமிருந்து பார்த்தால் தெரியுமா? அதே கதைதான். படத்தில் வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருக்கிறதா, எலும்பு இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இவருக்கு இரண்டும் இல்லை.

மற்றச் சோதனைகளுக்குப் பெரிய சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை. நாக்கை அழுத்தும் மரக் குச்சியை மெல்லிதாக வெட்டி, பல்லின் மேற்பரப்பில் மேடாக நிற்கும் ஒவ்வொரு முகட்டின் மேலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொன்னேன். மற்ற முகடுகளில் ஒன்றுமில்லை. நாக்குப் பக்கம் பின்னால் இருக்கும் முகட்டில் வைத்துக் கடித்து விட்டதும், கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடிக்கும்போது விரிசல் சற்றே விரிகிறது. விடும்போது மூடிக்கொள்கிறது. பல்லுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் உள்ள நீர் அந்த நொடியில் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. விடும்போது வலிப்பது அதனால்தான். சின்ன டோர்ச்சைப் பல்லின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் பல்லுக்குள் ஓடி வந்து ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. அந்த எல்லைதான் விரிசல்.

முடிவைத் தீர்மானித்தவை வேறு இரண்டு சோதனைகள்.

முதலாவது, நரம்பு உயிரோடிருக்கிறதா என்பது. குளிரூட்டிய பஞ்சை வைத்தேன். கூசியது. பஞ்சை எடுத்ததும் நான் எண்ணத் தொடங்கினேன். நாலு எண்ணுவதற்குள் கூச்சம் போய்விட்டது. பக்கத்துப் பல்லிலும் ஏறக்குறைய அப்படியே. தட்டிப் பார்த்தால் வலி இல்லை. இரவில் வலித்து எழுந்ததும் இல்லை. அப்படியென்றால் நரம்பு எரிச்சல் பட்டிருக்கிறது, ஆனால் கெடவில்லை. கூச்சம் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்திருந்தாலோ, தானாகவே துடித்து வலித்திருந்தாலோ ரூட் கனால் பேச்சைத் தவிர்க்க முடியாது. “டவுன்ல இந்தக் குளிர் பஞ்சு வச்சுப் பாத்தாங்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த டொக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. நீண்ட நாளுக்குக் கிரவுன் நல்ல முடிவுதான். ஆனால் உயிரோடிருக்கும் நரம்பை எடுப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த 68,000 சொல்லப்பட்டது.

இரண்டாவது, விரிசல் எங்கே நிற்கிறது என்பது. மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பல்லைச் சுற்றி நடந்து வந்தேன். எங்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கவில்லை. விரிசல் வேர் வரை போயிருந்தால், மற்ற இடமெல்லாம் 3 காட்டும் கம்பி அந்த ஓரிடத்தில் மட்டும் கிணற்றுக்குள் விழுவது போல 7, 8 என்று இறங்கும். அப்படி இறங்கும் பல்லுக்கு அறுபதாயிரம் செலவழிக்கச் சொல்வது பாவம். பிடுங்குங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

பிறகு மரக்கவைத்து, பழைய அமல்கத்தை எடுத்து, குழியின் தரையில் மெதிலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினேன். தலைமுடி போல ஒரு நீலக் கோடு. பின் விளிம்பில் தொடங்கி, பல்லின் நடுவுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. முன் விளிம்பைத் தொடவில்லை. கையாடியைப் பிடித்து அக்காவுக்கும் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றார். ஆமாம், இவ்வளவுதான். இதை இப்படியே விட்டால் ஒரு நாள் ஒரே கடியில் முன் விளிம்பு வரை ஓடிவிடும் என்பதையும் சொன்னேன்.

இந்த வலிக் கோலத்துக்கு ‘விரிசல் பல் கூட்டுநோய்’ என்று பொருள்படும் பெயரை கமரோன் என்ற பல் வைத்தியர் 1964இல் வைத்தார். அறுபது வருடம் கடந்தும், விரிசலை மறுபடி ஒட்டி வளரச் செய்ய எந்த வழியும் இல்லை. எலும்பு முறிந்தால் சேரும். பல் சேராது. அது விரியாமல் கட்டிப் பிடிப்பது ஒன்றுதான் சிகிச்சை. உலக்கையின் நுனி பிளக்காமல் இருக்கப் பூண் போடுவார்களே, அதுதான். கிரவுனும் ஒரு பூண். அதைவிட மலிவான பூண்களும் உண்டு.

அட்டையின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு

கிளினிக் அட்டையைத் திருப்பி, அதில் எழுதிக்கொண்டே பேசினோம்.

நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபா. 2024 செப்டெம்பரில் கூட்டிக் கொடுத்த தொகை. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) 8 வீதம் போனால் 1,242. சந்தா, கடன் கழிவுகள் வேறு. 68,000 ரூபா என்றால் 55 நாள் கொழுந்து. அதுவும் பறிக்க வேண்டிய கிலோ எட்டி முழுப் பேர் (ஒரு முழு நாள் சம்பளம்) விழுந்தால்தான். பெப்ரவரி வெயிலில் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழும் காலம். மாதத்துக்கு 18 பேருக்கு மேல் விழுவதில்லை என்றார். அப்படியானால் வீட்டில் ஒருவரும் ஒன்றும் சாப்பிடாமல் மூன்று மாதம்.

கையில் என்ன இருக்கிறது? சீட்டுக் காசு 12,000. அது மார்ச்சில் மகளின் டியூஷனுக்கு என்று வைத்தது. தோடு இரண்டும் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் வருவதற்குக் காசு வேண்டும். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ், அன்றைக்கு இழந்த பேர். ஒரு தடவை வந்து போக 1,700 ரூபா வரை போகிறது. சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. அதனால் எத்தனை தடவை வர வேண்டும் என்பதையும் சிகிச்சையின் விலையாகத்தான் எழுதினேன். வைத்தியர்கள் பலர் இதை எழுதுவதில்லை. “அடுத்த கிழமை வாங்க, அதுக்கடுத்த கிழமை வாங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது தடவை அவர்கள் வராமல் போனால், பொறுப்பில்லாத ஆள் என்று அட்டையில் குறிக்கிறோம்.

பிடுங்கினால் ஒரே தடவை, செலவு குறைவு. ஆனால் மெல்லும் பக்கம் போய்விடும். பிறகு கழற்றி மாட்டும் பல் செட் கட்டலாம். கடைவாயில் அதை வைத்து ரொட்டி மெல்வது சிரமம், பலர் டம்ளருக்குள் போட்டு வைத்துவிடுகிறார்கள். எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் லட்சத்தைத் தாண்டும். அதை நான் எழுதவே இல்லை.

ரூட் கனால் இப்போதைக்கு வேண்டாம், நரம்பு உயிரோடிருக்கிறது. கிரவுன் மட்டும் என்றால் டவுனில் 35,000 அளவில் வரும் என்று அக்காவே விசாரித்து வைத்திருந்தார். அதற்காகப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். எரிச்சலில் இருக்கும் நரம்புக்கு அதுவும் ஓர் அடி. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். நரம்பு உயிரோடிருந்த 127 விரிசல் பற்களுக்குக் கிரவுன் போட்டுக் கண்காணித்ததில், 21 வீதமானவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் ரூட் கனால் தேவைப்பட்டது. ஐந்தில் ஒன்று. கடன் வாங்கி 35,000 கொடுத்துப் போட்ட கிரவுனை ஆறு மாதத்துக்குள் துளைக்க வேண்டி வந்தால், அந்த வீட்டுக்கு இரண்டாவது கடனுக்கு வழி கிடையாது. அதனால் அந்த ஆறு மாதத்தை மலிவான பூணோடு கடப்பது நல்லது. நரம்பு தாங்கும் என்று தெரிந்த பிறகு, காசு சேர்ந்தால் கிரவுன் போடலாம்.

அந்த மலிவான பூண் என்னவென்றால், எல்லா முகடுகளையும் மேலிருந்து மூடி ஒட்டும் கொம்பொசிட், அதாவது பல் நிறத்தில் இருக்கும் அடைப்புப் பொருள். குழியை மட்டும் அடைப்பது இல்லை, முகடுகளைக் குறைத்து, அதன் மேல் ஒரே தொப்பியாகக் கவிழ்ப்பது. நெதர்லாந்தில் வலியுள்ள விரிசல் பற்களை இப்படிச் செய்து ஏழு வருடம் கண்காணித்து 2008இல் எழுதினார்கள். நாற்பது சொச்சம் பற்கள்தான், சின்ன ஆய்வு. ஆனால் முகடுகளை மூடிய கொம்பொசிட் ஒன்றுகூடத் தோற்கவில்லை. மூடாமல் குழியை மட்டும் அடைத்தவற்றில் தோல்விகள் இருந்தன.

இந்த வித்தியாசத்தை நான் ஆய்வைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு லொறி சாரதித் தம்பி இதே மாதிரி வலியோடு வந்தார். பழைய அடைப்பை எடுத்தேன், கோட்டைப் பார்த்தேன், புதிதாக அடைத்து அனுப்பினேன். முகடுகளைத் தொடவில்லை. வலியும் குறைந்தது. மூன்று மாதம் கழித்து வந்தபோது பல் இரண்டாகப் பிளந்திருந்தது, இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடின. ஒவ்வொரு பாதியாக நானே பிடுங்கினேன். நான் அடைத்தது கட்டாகப் பிடிக்காமல் ஆப்பு மாதிரி நின்றிருக்கிறது. 30 வயதுகூட ஆகாத பிள்ளை. அந்தப் பல்லை இன்னும் மறக்க முடியவில்லை.

அக்காவிடம் கடைசியாகச் சொன்னது இது: “ரெண்டு தடவை வாங்க. முதல் தடவை வளையம் போட்டு மூணு கிழமை பாப்போம். வலி நின்னா மேல மூடிருவோம். நிக்கலன்னா நரம்பு போயிருச்சுன்னு அர்த்தம், அப்ப பேராதனைப் பல் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தாறேன். ஹட்டன்லருந்து கண்டி பஸ் அந்த வழியாத்தான் போகுது. அஞ்சுல ஒண்ணு அப்படியும் ஆகலாம். அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் அட்டையை வாங்கி, எழுதியதைப் பார்த்தார். “அப்ப தோட்டைத் திருப்பிப் போட்டுக்கட்டுமா?” என்றார். கதிரையிலிருந்தே கைப்பையைத் திறந்து போட்டுக்கொண்டார்.

செய்தது

கம்பி கட்டும் பிள்ளைகளுக்குக் கடைவாய்ப் பல்லில் மாட்டும் எஃகு வளையங்கள் எங்களிடம் இருந்தன. அளவு பார்த்து ஒன்றைத் தேர்ந்து, குழியைக் கண்ணாடி அயனோமர் சிமெந்தால் நிரப்பி, அதே சிமெந்தில் வளையத்தையும் ஒட்டிப் பல்லைச் சுற்றி இறக்கினேன். பொதுவாகப் பற்களுக்கு நடுவே இடம் செய்ய முந்திய கிழமையே ரப்பர் வளையம் வைக்க வேண்டும். இவருக்குப் பல் தேய்ந்து இடையில் ஏற்கெனவே இடம் விட்டிருந்ததால் ஒரு நடை மிச்சமானது. கடி உயரத்தைச் சற்றுக் குறைத்தேன். எல்லாம் சேர்த்து 40 நிமிடம்.

இந்த வளையம் சிகிச்சையாகவும் இருக்கிறது, சோதனையாகவும் இருக்கிறது. கட்டிப் பிடித்ததும் வலி நின்றால், வலிக்குக் காரணம் விரிசல்தான், நரம்பு தாங்குகிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். கட்டிய பிறகும் வலி கூடினால், பெரிய செலவுக்கு முன்பே அது தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் மகளின் போனிலிருந்து அழைப்பு. குரல் அக்காவுடையது. “டொக்டர், ரொட்டி தின்னேன்!”

மார்ச் நடுவில் இரண்டாவது தடவை வந்தார். கொழுந்து கூடும் சித்திரைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நாளை அவர்தான் குறித்தார். கடி வலி முழுதாக நின்றிருந்தது. குளிரில் மட்டும் லேசாகக் கூசியது. அவரைக் கடைசி ஆளாக வைத்துக்கொண்டேன், அவசரப்பட்டால் இந்த வேலை கெட்டுவிடும். கொம்பொசிட்டுக்கு ஈரம் ஆகாது. எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டு நிற்காது. அதனால் ரப்பர் விரிப்பைப் போட்டுப் பல்லைத் தனிமைப்படுத்தி, வளையத்தை எடுத்து, முகடுகளை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் குறைத்தேன். அதைவிட மெல்லிதாக மூடினால் கொம்பொசிட் உடைந்துவிடும். அமிலம் தடவி, கழுவி, ஒட்டும் திரவம் பூசி, ஒவ்வொரு முகடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து நீல விளக்கில் இறுகவைத்தேன். 75 நிமிடம் ஆனது. பாதியில் பார்த்தால், வாயைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். விடிய நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்தவர்.

அன்றே வாய் முழுவதையும் பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் தழும்பு இல்லை. வாய் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தது. வெற்றிலை போடுபவர்கள் எந்தப் பல்லுக்கு வந்தாலும் இதைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கும் அதில் அடங்கும். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். “பல்லுக்காகவாவது பாக்க விடுங்க அக்கா” என்றேன். “கொறைக்கிறேன்” என்றார். விடுகிறேன் என்று சொல்லவில்லை. குளிரிலும் மழையிலும் எட்டு மணி நேரம் மலையில் நிற்பவருக்கு வெற்றிலை என்னவாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும், என் அம்மாவும் கூடை சுமந்தவர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

அதற்குப் பிறகு

ஜூனில், மாதச் சாமான் வாங்க டவுனுக்கு வந்த நாளில், தானாகவே கிளினிக்குக்கு வந்தார். பின் மூலையில் ஒரு சிறு துண்டு தெறித்திருந்தது. மறுபடி பாக்கு. மறைக்காமல் சொன்னார். விரிசல் கோடு திறக்கவில்லை, கடி சோதனையில் வலி இல்லை. அந்த மூலையை மட்டும் சுரண்டி ஒட்டவைக்க இருபது நிமிடம். கிரவுனை ஒப்பிட்டால் கொம்பொசிட்டின் குறை இது, தெறிக்கும், தேயும். தெறித்ததை இங்கேயே ஒட்டவைக்கலாம் என்பது அதன் நல்ல பக்கம்.

ஓகஸ்டில் ஆறாவது மாதம். எனக்குத்தான் பதற்றம். அந்த ஐந்தில் ஒன்று இதுவாக இருந்துவிடக் கூடாதே என்று. குளிர் பஞ்சுக்குக் கூச்சம் வந்தது, மூன்று எண்ணுவதற்குள் போனது. எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தம். கம்பி எங்கும் 3க்கு மேல் இறங்கவில்லை.

அந்த ஆறு மாதத்தில் நரம்பு செத்திருந்தால் என்ன செய்திருப்போம்? ரூட் கனால் செய்திருக்க வேண்டும். அப்போதும் முழு உத்தரவாதம் கிடையாது. சிங்கப்பூரில் ரூட் கனால் செய்த 50 விரிசல் பற்களைப் பார்த்து 2006இல் எழுதியதில், இரண்டு வருடத்தில் தங்கியவை 85 வீதமளவு. ஏழில் ஒன்று அதையும் மீறிப் போயிருக்கிறது. பேராதனைக்கு விடியற்காலை பஸ்ஸில் நாலைந்து தடவை போய்வர, இழக்கும் பேர்களோடு சேர்த்து, 12,000 ரூபா சீட்டுக் காசு சரியாக இருந்திருக்கும் என்று பெப்ரவரியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஓகஸ்ட் தாண்டும் வரை அதைத் தொட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டியூஷன் காசை அவர் ஒரு மாத அட்வான்ஸில் சமாளித்தார். அது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை.

ஒக்டோபரில் கடைசியாகப் பார்த்தபோது அட்டையின் பின்பக்கத்து மீதிக் கணக்கையும் எழுதி முடித்தோம். இழந்த பேர் இரண்டு, 2,484 ரூபா. ஜூன், ஓகஸ்ட், ஒக்டோபர் நடைகளை டவுன் வேலையோடு சேர்த்துக்கொண்டதால் பேர் போகவில்லை. ஐந்து நடைக்கும் ஆட்டோ, பஸ் 1,700. டவுன் கிளினிக்கில் முதலில் கொடுத்த 2,500. கூட்டினால் 6,684 ரூபா.

இதை வாசிப்பவர் யாருக்காவது இதே வலி இருந்தால், வைத்தியரிடம் போகுமுன் நாலு விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கும்போது வலிக்கிறதா, விடும்போதா. குளிர்த் தண்ணீர் பட்ட பிறகு கூச்சம் எத்தனை நொடி நிற்கிறது. இரவில் தானாக வலித்து எழுப்புகிறதா. எந்த வருடம் அந்தப் பல்லை அடைத்தது. பெரிய தொகை சொன்னால், “நரம்பு உயிரோட இருக்கா, விரிசல் வேருக்குப் போயிருச்சா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றைக்கே ஓடி வாருங்கள், அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அக்காவுக்கு அடுத்த சோதனையை 2026 பெப்ரவரியில், வருடம் திரும்பும்போது என்று குறித்தோம். கிரவுனுக்கு மாதம் ஆயிரம் தனியாகப் போட்டு வருகிறார். இடது பக்கத்தில் சாய்ந்து நிற்கும் பின்பல்லில் ஒரு சொத்தை தொடங்கியிருக்கிறது, அதை அன்றைக்கே அடைத்துவிடுவோம் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.